நிலவிளக்குக்கு அருகே ஹைட்ரஜன்

டாக்டர் தாணு இயக்குநராக இருக்கும் ஆய்வு நிறுவனத்தில், ஒரு கருவி வேலை செய்கிறதா என்பதைவிட அது யார் கையால் தொடங்கிவைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். ஓடாத கருவிக்கும் அங்கே கல்வெட்டு உண்டு. திருவனந்தபுரத்தில் மழை எந்த மாதமும் பெய்யும். அந்த நிறுவனத்தில் உத்காடனம், அதாவது திறப்புவிழா, எந்த வாரமும் நடக்கும். நாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் அங்கே தனி அலமாரி இருந்தது.

இந்த முறை வந்த வினை, கருவி உண்மையிலேயே வேலை செய்தது.

பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆள் கை நீளத்துக்கு எஃகுக் குழாய். இரண்டு முனையிலும் தடித்த கண்ணாடி. உள்ளே அழுத்தி நிரப்பிய ஹைட்ரஜன். ஒரு முனையில் பச்சை லேசரைக் குவித்து அனுப்பினால் மறுமுனையில் சிவப்பு வரும். பச்சை ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை ஹைட்ரஜன் மூலக்கூறு தன் அதிர்வுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. அந்த மிச்சம்தான் சிவப்பு. சாதாரணமாக இது எங்கோ ஓர் ஒளித்துகளுக்கு நேரும் விபத்து, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லேசரின் வலு ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் முதலில் பிறந்த சிவப்பே அடுத்த சிவப்பைத் தூண்டும், அது அதற்கடுத்ததை. கைதட்டலைப் போல. ஒருவர் தொடங்கும்வரை அரங்கம் சும்மா இருக்கும்; தொடங்கிவிட்டால் எதற்கென்று கேட்காமல் எல்லாரும் தட்டுவார்கள். தூண்டிய ராமன் சிதறல் என்று இதற்குப் பெயர்.

குழாயை ஐந்து வருடம் கட்டிக்கொண்டு அழுதவள் திவ்யலட்சுமி. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். உதவித்தொகை நின்றுபோன பிறகும் ஆட்டோவுக்குப் பதில் நடந்து பஸ் பிடித்து வந்து ஆய்வேட்டை முடித்திருந்தாள். அதில் வழிகாட்டி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. வழிகாட்டி, டாக்டர் தாணு. அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்:

"கவுன்சில் சேர்மன் வந்து பட்டனை அமுக்கணும், சுவப்பு வரணும். வந்துதுன்னா மறுநாளே கையெழுத்து. வராட்டா பாப்போம், கேட்டியா மக்களே."

'மக்களே' என்பது அவர் ஊர்ப் பக்கத்து வாஞ்சை; 'பாப்போம்' என்பது அந்த நிறுவனத்தில் வருடக்கணக்கைக் குறிக்கும் சொல்.

விழா நாள் காலையில் திவ்யா அறையைத் திறந்ததும் முதலில் அழுத்தமானியைப் பார்த்தாள். முள் இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு, சிவப்பு வெளியே வரும் முனையின் கண்ணாடி விளிம்பில் தடவினாள். ஒரு குமிழி எழுந்தது. கடுகளவு, மிளகளவு, பட்டாணியளவு, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. கசிவு சின்னதுதான். கூரையோரத்தில் புகைபோக்கி விசிறி சுழல்கிறவரை, பக்கத்தில் நெருப்பில்லாதவரை, கசியும் ஹைட்ரஜன் மேலே போய் வெளியே ஓடிவிடும். மாற்று வளையம் கேட்டு அவள் எழுதிக் கொடுத்தது மழைக்காலத்துக்கு முன்னால். ரப்பர் வளையத்துக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும் என்று கொள்முதல் குழு திருப்பி அனுப்பியிருந்தது. குழுத் தலைவர், டாக்டர் தாணு.

இன்று ஒரு நாள் சமாளித்துவிடலாம் என்று அவள் நினைத்த அந்த நிமிடத்தில், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஷைஜு உள்ளே வந்தான். லேப் டெக்னீஷியன். அவன் கட்டிப்பிடித்திருந்தது, பழவங்காடியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த பித்தளை நிலவிளக்கு, கேரளத்துக் குத்துவிளக்கு. அவன் நெஞ்சு உயரம். பின்னால் பூக்கூடையும் எண்ணெய் டின்னுமாக இயக்குநரின் காரியதரிசி பிரிஸில்லா.

"ஷைஜு, இதை எங்க கொண்டுவர்றே?"

"சேச்சி, இவிடத்தான். சார் பறஞ்சு."

அவன் விளக்கைக் கொண்டுபோய், குழாய் இருந்த மேசையின் கோடியை ஒட்டித் தரையில் வைத்தான். குமிழி வந்துகொண்டிருந்த முனையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

"இங்கே வைக்கப்படாது! எடு!"

"எனக்கிட்ட கத்தாதே மோளே," என்றாள் பிரிஸில்லா. பாறசாலைக்காரி, இருநூறு உத்காடனம் கண்டவள். "போட்டோவுல சேர்மனும் வெளக்கும் குழாயும் ஒண்ணா விழணுமாம். நேத்தே சார் வந்து நின்னு, விரலால கட்டம் கட்டிப் பாத்துட்டுப் போனாரு."

ஷைஜு சுவரோரம் போய் ஒரு சுவிட்சைத் தட்டினான். தலைக்கு மேலே சதா கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. புகைபோக்கி விசிறி.

"அதை ஏன் நிறுத்தினே?"

"காத்தடிச்சா திரி நிக்குமா சேச்சி? கெட்டுப்போனா அபசகுனமில்லியோ. ஏசியும் ஆஃப்."

அதுதான் வழக்கம். கேரளத்தில் எந்த மேடையிலும் விளக்கேற்றும் நேரம் வந்தால் முதலில் விசிறியை நிறுத்துவார்கள். கல்யாண மண்டபத்தில் அதனால் வியர்க்கும், அவ்வளவுதான். இங்கே வெளியே போக வழியில்லாத ஹைட்ரஜன் கூரையடியில் சேர்ந்துகொண்டிருக்கும். கீழே ஐந்து திரி.

திவ்யா ஓடினாள்.

டாக்டர் தாணு தன் அறையில் கண்ணாடி முன் நின்று பொன்னாடையைப் போர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மனுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை. கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

"சார், ஹைட்ரஜன் கொழாய் லீக் ஆறது. சோப்புல பபுள் வர்றது. அங்க வெளக்கேத்தினா தீப்பிடிக்கும் சார்."

"லீக்கா? எவ்வளவு?"

"கொஞ்சந்தான். ஆனா எக்ஸாஸ்டை நிறுத்தியாச்சு. வெளக்கு பக்கத்துலயே இருக்கு. வெளக்கை வராந்தாவுல வெச்சுடலாம் சார், ப்ளீஸ்."

"வராந்தாவுல எங்க? கக்கூஸ் வாசல்லயா?" வராந்தாவில் காலி இடம் அது ஒன்றுதான், மற்ற இடமெல்லாம் பழைய கருவிகள். "நிலவிளக்கைக் கக்கூஸ் முன்னால ஏத்தி வெச்சு, கவுன்சில் சேர்மனை நமஸ்காரம் பண்ணச் சொல்லவா?"

"கரண்ட்ல எரியற வெளக்கு..."

"போன தடவை வெச்சோம். 'இது எந்தா, ஜவுளிக்கடையா?'ன்னு கேட்டாரு. அந்த வருசம் கிராண்ட் வெட்டிட்டாரு, தெரியுமா?" அவர் பொன்னாடையைக் கழற்றி மடித்தார். குரலில் பாடம் நடத்தும் கனிவு வந்தது. "மக்களே, ஹைட்ரஜன் காத்தைவிட லேசு. மேல போயிரும். வெளக்கு கீழ இருக்கு. இது பள்ளிக்கூடத்துப் பாடம்லா? ஒரு ஆபத்தும் இல்ல. நீ சயன்ஸைப் பாரு, புரோட்டோக்காலை நான் பாக்கேன்."

"வெளக்கு மேல இருக்கு சார். திரி என் தோள் உயரம். கொழாய் மேசை மேல, இடுப்பு உயரம். கசியறது நேரா திரிக்குத்தான் போகும்."

டாக்டர் தாணு ஒரு கணம் அவளுடைய தோளையும் இடுப்பையும் கண்ணால் அளந்தார். விஞ்ஞானி ஒருவர் அவருக்குள் எப்போதோ குடியிருந்தது உண்மை. அந்த விஞ்ஞானி எட்டிப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அப்ப ஹைட்ரஜனையாவது எறக்கிடறேன் சார். நைட்ரஜன் நிரப்பிடறேன்."

"நிரப்பினா?"

"பச்சை உள்ள போகும், பச்சையே வெளில வரும். நைட்ரஜன்ல நிறம் மாத்தற அளவுக்கு நம்ம லேசருக்கு வலு கெடையாது."

"அப்ப சேர்மன் எதை உத்காடனம் பண்ணுவாரு? பச்சையையா? பச்சை லேசரு சாலைக் கம்போளத்துல பொம்மைக் கடையில கெடைக்குது." அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "கேட்டுக்கோ. குழாயைத் தொட்டேன்னா, சுவப்பு வரலேன்னா, ஒன் தீசிஸை நான் தொடமாட்டேன். அஞ்சு வருசம் கண்ணு. யோசிச்சுக்கோ."

மேசைமேல் போன் அடித்தது. சேர்மனின் கார் பாளையம் சிக்னலைத் தாண்டிவிட்டது. டாக்டர் தாணு சென்ட் பாட்டிலை இருமுறை அழுத்தி, பூச்செண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

திவ்யா லேப் கதவருகே வந்து நின்றாள். உள்ளே பிரிஸில்லா விளக்கின் கழுத்தில் பிச்சிச்சரம் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்வரிசை நாற்காலிகள் மேசைக்கு நான்கடி தள்ளி. கல்லூரிப் பிள்ளைகளை வேறு அழைத்திருந்தார்கள். குமிழி வந்துகொண்டேயிருந்தது. ஹைட்ரஜன் எரிந்தால் சுடர்கூடப் பகலில் சரியாகத் தெரியாது. தெரியும்போது ரப்பர் வளையம் உருகியிருக்கும். உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும், முன்வரிசையைப் பார்த்து.

ஐந்து வருடம். கையெழுத்து. முன்வரிசை.

அவள் உள்ளே போய் விசிறி சுவிட்சைப் போட்டாள்.

"எப்பா, பூவெல்லாம் பறக்குது!" என்றாள் பிரிஸில்லா.

"பறக்கட்டும்." திவ்யா குழாயின் அடியில் இருந்த வால்வைப் பிடித்தாள். அதிலிருந்து ஒரு சன்னக் குழாய் ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குப் போகிறது. வால்வை வேகமாகத் திறக்கக் கூடாது. வேகமாகப் பாயும் ஹைட்ரஜன் தானே பற்றிக்கொள்ளும். முடியளவு முடியளவாகத் திருப்ப வேண்டும். திருப்பினாள். மெல்லிய சீறல். அழுத்தமானியின் முள் நகர யோசித்தது, பிறகு நகர்ந்தது.

வாசலில் கார்க் கதவு அடிக்கும் ஓசை. செண்டை கொட்டத் தொடங்கிற்று. செண்டை முடிந்தால், பெண்கள் தட்டில் விளக்கேந்தி வரவேற்கும் தாலப்பொலி. தாலப்பொலி முடிந்தால் மாடிப்படி. அவ்வளவுதான் நேரம்.

உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஷைஜு ஒரு தீக்குச்சியைப் பெட்டியில் உரசிக்கொண்டிருந்தான். நனைந்த குச்சி, பற்றவில்லை. இரண்டாவது குச்சியை எடுத்தான்.

"டேய்!"

"திரி பிடிக்குமான்னு ஒண்ணு நோக்கட்டே சேச்சி. சேர்மன் ஏத்தும்போ பிடிக்காட்டா சார் என்னைக் கொல்லும்..."

"சார் அப்பறம் கொல்லுவார். நீ குச்சியைக் கீழ போடு. போடுடா!"

அவள் கத்திய விதத்தில் குச்சி தானாக விழுந்தது. ஷைஜு அவளையும் வால்வையும் சீறும் சன்னக் குழாயையும் பார்த்தான். அவன் முகத்தில் விஷயம் மெதுவாக இறங்கிற்று. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டான், அது வெளியே எகிறிவிடும் என்பதுபோல.

"ஹைட்ரஜனோ?"

"ஆமா. நைட்ரஜன் சிலிண்டரைத் திற. மெதுவா."

முள் பூஜ்யத்துக்கு வந்தது. நைட்ரஜனை நிரப்பி, அதையும் வெளியேற்றி, மறுபடி நிரப்பினாள். மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனும் போகட்டும் என்று. கடைசியில் முள்ளைப் பழைய எண்ணிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். டாக்டர் தாணு முள்ளைத்தான் பார்ப்பார். முள்ளுக்கு எந்த வாயு என்று தெரியாது.

படியில் காலடிகள். பிரிஸில்லா இவ்வளவு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டு, வைத்த பூவையே மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..." என்றாள் திவ்யா.

"நான் ஒண்ணும் பாக்கல மோளே. பூதான் பாத்தேன்," என்றாள் பிரிஸில்லா. போய் விசிறியையும் அவளே நிறுத்தினாள்.

நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்கும் கவுன்சிலின் சேர்மன் ஜெயன், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சந்தன நிறச் சட்டை, கசங்காத வேட்டி. அறிவியல் படித்ததில்லை, ஆனால் எதையும் கிட்டே போய்ப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. அதிகாரிகள் அவருக்கு அதற்காகவே அஞ்சினார்கள்.

டாக்டர் தாணு வரவேற்புரையைத் தொடங்கினார். ஒளி, ஞானம், வேதகாலம், நியூட்டன், தன்னுடைய இளமைக்காலம் என்ற வரிசையில் போனார். "இந்த விளக்கின் ஒளியும் அந்தக் குழாயின் ஒளியும் ஒன்றே" என்ற இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்தினார். வரம்பு தாண்டவில்லை, யாரும் தட்டவில்லை. மேடைத் தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறி ஒருவழியாக முடித்து, சேர்மனை விளக்கேற்ற அழைத்தார். பேச்சுக்கிடையே அவர் கண் இரண்டு தடவை அழுத்தமானிக்குப் போனதைத் திவ்யா பார்த்தாள். முள் இருந்த இடத்தில் இருந்தது. மூன்றாவது தடவை கண் சோப்பு நுரைக்குப் போயிற்று. விளக்கு நெருங்க நெருங்க அவர் மட்டும் ஓரடி பின்வாங்கி நின்றார். 'விருந்தினருக்கு இடம்விடுகிறார்' என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

சேர்மன் மெழுகுவர்த்தியை வாங்கி முதல் திரியை ஏற்றினார். இரண்டாவது. மூன்றாவது. காமிராக்கள் மின்னின. டாக்டர் தாணுவின் மேலுதட்டில் வியர்வை முத்து. விசிறி இல்லையல்லவா.

ஐந்தாவது திரியை ஏற்றிவிட்டுச் சேர்மன் மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. குனிந்தார்.

"இதெந்தா? சோப்பு நுரையோ?"

குழாயின் முனையில் ஒரு குமிழி வளர்ந்துகொண்டிருந்தது. மிளகு, பட்டாணி, நெல்லிக்காய்.

"ஆ... அது ஒண்ணுமில்ல சார், ஒரு சின்ன... சார், பட்டனு இந்தப் பக்கம்..." என்றார் டாக்டர் தாணு.

"நோக்கட்டே." வெளிச்சம் போதவில்லை போலும். சேர்மன் மெழுகுவர்த்தியைக் குமிழிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அய்யோ! ஹைட்ரஜன்!"

நிறுவனத்தின் எல்லா அரங்குகளிலும் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கக்கூடியது என்று பெயர்பெற்ற அந்தக் குரல், இம்முறை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. டாக்டர் தாணு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பொன்னாடைத் தட்டோடு, எஃகுக் கால்களுக்கு நடுவே சுருண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு கழன்றிருந்தது. அவர் முன்பக்கம் இருந்த பூக்கூடை உருண்டு சேர்மன் காலடியில் நின்றது.

குமிழி உடைந்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுங்கி, அணைந்தது.

அவ்வளவுதான். மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு இழை புகை நேராக மேலே போயிற்று.

சேர்மன் அணைந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"தாணு, நிங்கள் எந்தினா ஓடியது?"

பொன்னாடைத் தட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

"ஹைட்ரஜன் எந்நு பறஞ்சல்லோ. ஹைட்ரஜன் கத்துமில்லே?" கத்துவது என்றால் மலையாளத்தில் எரிவது. சேர்மனின் குரல் மிருதுவாக இருந்தது, அதிகாரியாக இருந்தபோது அவர் பணிநீக்க உத்தரவுகளை இந்தக் குரலில்தான் படிப்பாராம். "கத்தும் எந்நு அறிஞ்சுகொண்டா, என்டெ கையில் மெழுகுதிரி தந்தது?"

திவ்யா முன்னால் வந்தாள்.

"சார், இப்ப உள்ள இருக்கறது ஹைட்ரஜன் இல்ல. நைட்ரஜன். எரியாது. அதனாலதான் மெழுகுவர்த்தி அணைஞ்சது. காலைல லீக் பாத்தோம்; வெளக்கு பக்கத்துல ஹைட்ரஜன் இருக்கப்படாதுன்னு வெளியேத்தியாச்சு."

"யாரு வெளியேத்தியது?"

வாயைத் திறந்தாள். அதற்குள் மேசைக்கடியில் அசைவு. டாக்டர் தாணு வெளியே வந்துகொண்டிருந்தார். முதலில் பொன்னாடை, பிறகு தலை, பிறகு இயக்குநர். எழுந்து நிற்பதற்குள்ளாகவே குரலில் பழைய கனம் ஏறிவிட்டது.

"என் உத்தரவுப்படி சார்! என் நேரடி உத்தரவுப்படிதான் என் மாணவி ஹைட்ரஜனை நீக்கினாள். பாதுகாப்புக்குத்தான் இங்கே முதலிடம். இப்ப நீங்க பாத்தது ஒரு பாதுகாப்பு ஒத்திகை. ஆபத்து வந்தா ஒரு விஞ்ஞானி எப்படிக் குனியணும், காதை எப்படி மூடணும்னு, மாணவர்களுக்காக, நானே செஞ்சு காமிச்சேன்!"

அரங்கம் சும்மா இருந்தது. ஒரு கணம், இரண்டு கணம். பின்வரிசையில் ஷைஜு, இனி என்ன செய்வது என்று தெரியாமல், ஒருமுறை கைதட்டினான். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு அறையே அதிர்ந்தது.

சேர்மன் தட்டவில்லை. முறைக்காகப் பட்டனை அழுத்தினார். முறைக்காக எல்லாரும் ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடி பச்சையை மறைத்துச் சிவப்பை மட்டும் விடும். சிவப்பு இல்லை. ஆகவே வெள்ளை அட்டையில் ஒன்றுமே தெரியவில்லை. "மனோகரம்," என்றார் முன்வரிசையில் ஒரு பேராசிரியர். சேர்மன் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குழாய் ஏன் கசிந்தது என்று திவ்யாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாப்பிடாமலே கிளம்பினார். படியிறங்கும்போது பிரிஸில்லாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: குழாய்க்கு ரப்பர் வளையம் வாங்க ஏன் இத்தனை மாதம் ஆயிற்று, கொள்முதல் குழுத் தலைவர் யார்?

அறை காலியானது. விளக்கை அணைக்க யாரும் முன்வரவில்லை. சேர்மன் கையால் ஏற்றிய விளக்கை அணைத்த பழி யாருக்கு வேண்டும்? எண்ணெய் தீர்ந்து அதுவாக அணையட்டும் என்று, எரிய எரிய ஷைஜுவும் வாட்ச்மேனும் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் காலியாக இருந்த ஒரே இடத்தில் வைத்தார்கள்.

டாக்டர் தாணு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். வார் அறுந்திருந்தது.

"என்னை மேசைக்கடியில அனுப்பிட்டல்லா? நைட்ரஜன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"கொழாயைத் தொடாதேன்னேள். சொன்னா விட்டிருப்பேளா சார்?"

"சரி. சுவப்பு வரல. சொன்னது நெனவிருக்குல்லா? கையெழுத்தைப் பாப்போம்."

திவ்யா பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சுவப்பு வரலை, சரிதான். ஹைட்ரஜனை எடுத்தா சுவப்பு வராதுன்னு உங்களுக்குத் தெரியும். எடுக்கச் சொன்னது நீங்க. நேரடி உத்தரவு. சேர்மன் முன்னால சொன்னேள். நான் உத்தரவைத்தானே செஞ்சேன் சார்? இல்ல, நானா எடுத்தேன்னா, சேர்மனுக்கு அதையே எழுதிடறேன்."

டாக்டர் தாணு பிரிஸில்லாவைப் பார்த்தார்.

"நடவடிக்கைக் குறிப்புல ஏத்திட்டேன் சார்," என்றாள் அவள், பூவைப் பொறுக்கிக்கொண்டே. "'இயக்குநரின் நேரடி உத்தரவுப்படி.' சானல்காரன் கேமராவிலயும் இருக்கு. நீங்க குனிஞ்சது மொதல்ல, சொன்னது அப்பறம்."

அவர் வெகுநேரம் பேனாவைத் தேடினார். அது சட்டைப்பையிலேயே இருந்தது. கையெழுத்தைப் போட்டார், வழக்கமாக அதன் அடியில் இழுக்கும் இரண்டு கோட்டை மட்டும் இழுக்கவில்லை. திவ்யா மை காய்வதற்குக்கூடக் காத்திராமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் கழிப்பறை வாசலில் நிலவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் டாக்டர் தாணுவே நின்று எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றச் சொல்லியிருந்தார்; சாயங்காலம்வரை எரியும். அதன் முன்னால் வரிசையாக ஏழெட்டு ஜோடி செருப்புகள். உள்ளே போகிறவர்கள் விளக்கைக் கண்டதும் தயங்கி, கழற்றிவிட்டு, வெறுங்காலோடு போனார்கள்.

படியில் இறங்கும்போது திவ்யா திரும்பிப் பார்த்தாள். டாக்டர் தாணு வந்துகொண்டிருந்தார். விளக்கின் முன் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, அறுந்த செருப்பையும் அறாத செருப்பையும் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.